ஆடி கணக்கில் வராது

மாப்பிள்ளை இன்னும் பிள்ளையார் கோவிலை விட்டுக் கிளம்பவில்லை என்று யாரோ செல்போனில் கத்திக்கொண்டே உள்ளே போனார்கள். மெதுவாகவே கிளம்பட்டும் என்று ஜெசிந்தா நினைத்தாள், இன்னொரு தேங்காய் உடைக்கட்டும், குருக்களுக்குக் கற்பூரம் பற்றாமல் போகட்டும், பேண்டுக்காரன் ஒருத்தனுக்காவது வயிற்றைக் கலக்கட்டும், நினைத்துக்கொண்டே பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்து இரண்டு உதறு உதறி வாங்க என்றாள். ஒரு வழுக்கைத் தலை நனைந்து உள்ளே போனது. வாங்க. ஒரு பட்டுப்புடவை, பின்னால் ஒரு குழந்தை, குழந்தைக்கு ஒரு உதறு, அது சிரித்தது, இவளும் சிரித்தாள், சிரித்தாள் என்ன சிரித்தாள், சாயங்காலம் சேலையோடு சேர்த்து மாட்டிக்கொண்ட சிரிப்பு அது, இன்னும் கழற்றவில்லை. காதுக்குக் கீழே ஒரு நரம்பு தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. தில்லைநகரில் இது ஏசி மண்டபம்தான், ஆனால் ஏசி உள்ளே போகிறவர்களுக்கு, வாசலில் நிற்கிறவர்களுக்கு ஜெனரேட்டர் புகை. நான்கு பேர், ஆளுக்கு ஒரே மாதிரி அரக்குச் சேலை, ஒரே மாதிரி மல்லிகைச் சரம், ஒரே மாதிரி ஒட்டுப் பொட்டு. எதிர் வரிசையில் சந்தனக் கிண்ணத்தோடு கோமதி, அவளை ஒட்டிக் கற்கண்டுத் தட்டோடு வினோதா, இந்தப் பக்கம் ரோஜாப்பூத் தட்டோடு ஷாலு, கடைசியில் இவள். எல்லோரும் காலேஜ் பெண்கள், எல்லோருக்கும் வீட்டில் ஏதோ ஒரு இழுபறி. ஆளை வைத்து வேலை வாங்கும் தேவா அண்ணன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சந்தனம் தலைய நிமித்து, கற்கண்டு பல்லு தெரியச் சிரி, பன்னீர் கொஞ்சம் முன்னால வா, பாலக்கரை மாதா கோவிலில் சாமியார் தண்ணீர் ஊற்றி வைத்த பெயருக்கு இங்கே வேலையில்லை. பேண்டுச் சத்தம் வாசல் வளைவைத் தொட்டதும் நான்கு பேரும் கையில் இருப்பதை ஓரத்து மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான்கு பேருக்குள் பேசி வைத்தது. கத்தக் கூடாது, அழக் கூடாது. தேவா அண்ணன் ஓடி வருவார், கோமதி சொல்வாள், இவங்க மூணு பேருக்கும் இன்னிலேருந்து முழுச் சம்பளம், சரின்னா எடுக்கிறோம். வீடியோக்காரன் காத்திருப்பான், மாப்பிள்ளை காத்திருப்பார், தேவா அண்ணன் சரி என்றுதான் ஆக வேண்டும். ஆக வேண்டும் என்று கோமதி சொல்லியிருக்கிறாள்.

வாங்க, வாங்க. ட்ரெயினி. அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது பெருமையாகக்கூட இருந்தது, ட்ரெயினிங்கில் சேர்ந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள், அம்மா அதைத் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், ஏதோ பேங்க் வேலைக்குப் பயிற்சி என்று தெருவே நினைத்துக்கொண்டது. பன்னீர் தெளிப்பதற்கு என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது, தேவா அண்ணன் முதல் நாளே நின்ற நிற்பில் சொல்லி முடித்துவிட்டார். "தலைக்கு மேல தெளிக்கணும், மூஞ்சில படக் கூடாது, மேக்கப் கலைஞ்சா நம்மளத்தான் திட்டுவாங்க. பெரியவங்களுக்கு ரெண்டு உதறு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு. யாராச்சும் கேட்டா பொண்ணுக்குச் சித்தி மகள்னு சொல்லிரு. காசுக்கு நிக்கிற பொண்ணுன்னு தெரிஞ்சா வீட்டுக்காரவுங்களுக்குக் கௌரவம் இல்ல பாரு." தீர்ந்தது கலை. இதற்கு மூன்று மாதம் ட்ரெயினி, ஒரு சாயங்காலத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய், அதற்கப்புறம் முழுச் சம்பளம் அறுநூறு. ஆனி மாதம் சேர்ந்தாள். ஆனி முடிந்தது, ஆடி வந்தது, ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் இது மூணாவது மாசம் அண்ணா என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது தேவா அண்ணன் வாய் நிறையச் சிரித்தார். "ஆடி கணக்குல வராது பாப்பா. ஒரு மாசம் சும்மா இருந்தா டச் விட்டுப்போயிரும்ல? திரும்ப மொதல்லேருந்துதான்." சரி, ஆவணி ஒன்று. புரட்டாசி வந்தது, பெருமாள் மாதம், மண்டபத்துக்கெல்லாம் பூட்டு, டச் விட்டுப்போனது. ஐப்பசி ஒன்று, கார்த்திகை இரண்டு, இதோ எட்டிவிட்டோம் என்று கையை நீட்டினால் மார்கழி. ஊரெல்லாம் கோலம் போட்டுப் பொங்கல் சாப்பிட்ட மாதத்தில் இவளுக்கு டச் விட்டுப்போய்க்கொண்டிருந்தது. இப்போது தை, மறுபடி ஒன்று, அடுத்து மாசி, அடுத்தது பங்குனி, பங்குனியும் கணக்கில் வராது என்று சொல்ல அந்த ஆளுக்கு நாக்கா கூசும். அவர் பஞ்சாங்கத்தில் மூன்று மாதம் சேர்ந்து வருவது சித்திரையும் வைகாசியும் ஆனியும்தான், அதுவரைக்கும் தாக்குப்பிடித்து முழுச் சம்பளத்துக்குப் போனவள் கோமதி ஒருத்தி. டச் விட்டுப்போகிறதாம். ராத்திரித் தூக்கத்தில்கூட உன் மணிக்கட்டு உதறுதுடி என்று அம்மா சொல்கிறாள். ஒரு பெண்ணுக்கு ஆயிரத்தைந்நூறு என்று அவர் கல்யாண வீட்டில் வாங்குவதைக் கார்த்திகையில் ஒரு மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் தன் காதாலேயே கேட்டாள், கேட்டுவிட்டு என்ன செய்தாள், மிச்சமிருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஒரு கார் வந்து நின்றது. மாப்பிள்ளையோ, இல்லை, மாப்பிள்ளை இல்லை, யாரோ பெரிய இடம், பெண்ணின் அப்பா படியிறங்கி ஓடினார். பெரிய இடத்துக்கு மூன்று உதறு. வாங்க சார். அவர் சந்தனத்தைத் தொடும் சாக்கில் கோமதியின் விரலையும் தொட்டுவிட்டுப் போனார், கோமதி முகத்தில் ஒரு சலனமும் இல்லை, முழுச் சம்பளத்தில் அதுவும் சேர்த்தி போலிருக்கிறது. திங்கட்கிழமை பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள். இன்றைய இருநூற்றைம்பது சேர்ந்தால் சரியாக வரும், சேராவிட்டால் வராது. தேவா அண்ணன் சரி என்று சொல்லாமல் போங்கடி என்று சொல்லிவிட்டால்? அப்புறம் இருக்கிறது ஒரே வழி, அக்கா புருஷன் ஜேம்ஸ் மாமா. தருவார், இல்லையென்று சொல்லவே மாட்டார், கேட்டதும் பர்ஸை எடுப்பார், அதைப் பார்த்தால் யாரும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். காலேஜில் சேர்ந்தபோது ஒரு தடவை தந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் கறிக்குழம்போடு அதையும் சேர்த்துப் பரிமாறாமல் இருந்ததில்லை. "இன்னொரு தடவ பணம்னு வந்துச்சுன்னா படிப்ப நிறுத்திருவோம் அத்த. நம்ம பெயிண்ட் கடையில பில்லு போட ஆளில்லாமத்தான் கெடக்கு." அம்மா தலையை ஆட்டினாள், அம்மாவும் பாவம், வேறு எதை ஆட்டுவாள். பெயிண்ட் கடையில் சம்பளம் கிடையாது, சொந்தக்காரப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால் அசிங்கமாம், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுத்துத் தருவார்கள். பெயிண்ட், தின்னர் நாற்றத்தில் உட்கார்ந்து நாள் பூராவும் பில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மாமாவுக்கு டீ வாங்கி வந்துகொண்டு, இரண்டு வருஷத்தில் அவரே ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிடுவார், அந்தக் கல்யாணத்துக்கும் வாசலில் நான்கு பெண்கள் நிற்பார்கள். ஒரு வயதான அம்மாள் உள்ளே போகாமல் நின்று இவள் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். "நீ சரசு மவதானே? அப்படியே அவ மூக்கு." ஆமாங்க என்றாள் ஜெசிந்தா. "அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" தேவலைங்க. அந்த அம்மாள் கண்ணில் நிஜமாகவே பாசம் இருந்தது, யாரென்றே தெரியாத ஒரு சரசுவின் மகள் மேல் அவ்வளவு பாசம், அதையும் வாங்கிக்கொண்டு இரண்டு உதறு உதறினாள். எத்தனை வீட்டு ஆல்பத்தில் இவள் முகம் ஓரமாக இருக்கும். யாரது என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்னாளில் கேட்டால் யாரோ தூரத்துச் சொந்தம் என்பார்கள்.

வைத்துவிட வேண்டியதுதான். பேண்டு வளைவைத் தொட்டதும் வை, யோசிக்காதே, மேஜையில் வை, இரண்டடி தள்ளி நில். கை வைக்குமா? இந்தக் கை உதறப் பழகிய கை, சத்தம் கேட்டால் தானாக உதறும். கோமதி வைப்பாள், அதில் சந்தேகமே இல்லை. கோமதிக்கு என்ன வந்தது, அவளுக்கு அறுநூறு ஒழுங்காக வருகிறது, போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீயை ஆற்றிக்கொண்டே அவளாகத்தான் ஆரம்பித்தாள். "எனக்கு வெக்கமா இருக்குடி. ஒரே வாசல், ஒரே நிப்பு, நான் வாங்குறதுல பாதிகூட உங்களுக்கு இல்ல. உங்களுக்குத் தராட்டி எனக்கும் வேணாம்." வினோதா அழுதேவிட்டாள், ஷாலு கையைப் பிடித்துக்கொண்டாள், ஜெசிந்தாவும் சரிக்கா என்றாள். ஆனால் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வேறொரு நினைப்பு வந்தது, கோமதிக்கு அப்பா இருக்கிறார், ரயில்வேயில் இருக்கிறார், இந்த வேலை போனால் அவள் வீட்டில் இட்லிக்குச் சட்னி குறையாது, அவளுக்கு நியாயம் பேச வசதி இருக்கிறது. சீ, என்ன புத்தி இது. தன் சம்பளத்தைத் தூக்கி வைத்து உனக்காகப் பேசுகிறவளைப் பற்றி நினைக்கிற நினைப்பா. நினைத்தாயிற்று, இனி என்ன செய்ய, எச்சில் மாதிரி விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. வாங்க. இந்தப் பக்கம் ஷாலு தட்டிலிருந்த ரோஜாப்பூக்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் பயப்படுகிறாள், நல்லது, தான் மட்டும் இல்லை. எதிரே கோமதி கண்ணைத் தூக்கி இவளை ஒரு தரம் பார்த்தாள், என்னடி தயார்தானே என்கிற பார்வை. ஜெசிந்தா தலையசைத்தாள். தலை அசைந்த விதம் அம்மா அசைப்பது போலவே இருந்ததை அவளே உணர்ந்தாள், உணர்ந்து எரிச்சலானாள், யார் என்ன கேட்டாலும் இந்த வம்சத்துத் தலைக்கு இது ஒன்றுதான் தெரியும். வீடியோக்காரன் விளக்கைப் போட்டான், முகத்தில் சூடு அடித்தது. தூரத்தில் டிரம்பெட் ஒன்று இழுத்தது. கிளம்பிவிட்டார்கள்.

பேண்டு வந்தது, எல்லாப் பேண்டையும் போல அபஸ்வரமாக, எல்லாப் பேண்டையும் போல வயிற்றில் இடித்துக்கொண்டு, திறந்த ஜீப்பில் கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை, முன்னால் ஆடிக்கொண்டு அவன் நண்பர்கள். வளைவைத் தொட்டது. டணக்கென்று ஒரு சத்தம், கோமதி சந்தனக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டாள். வினோதா வைத்தாள். ஷாலு வைத்தாள். ஜெசிந்தாவும் வைத்தாள், வைத்துவிட்டாள், கை ஒன்றும் தானாக உதறவில்லை, எவ்வளவு சுலபம் என்று இருந்தது, ஒரு நொடி உடம்பு முழுக்க ஜில்லென்று ஒரு சந்தோஷம் ஓடியது, சிரிப்பைக்கூடக் கழற்றிவிட்டாள், கன்னம் தொங்கி அதன் இடத்துக்கு வந்தது. தேவா அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோமதி சொல்ல வேண்டியதைச் சொன்னாள், குரல் நடுங்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. மேஜையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி, மணப்பெண்ணின் சித்தி மகள்களும் மாமா மகள்களும் லெஹங்காவில் கும்பலாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்துக் கையைத் தட்டினார். "வாங்க வாங்க, மாப்பிள்ளைய வரவேற்க வேணாமா? வீட்டுப் பொண்ணுங்க நின்னாத்தானே அழகு!" அவர்கள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள், நான் சந்தனம், நான் பூ, ஏய் அது எனக்கு, ஒருத்தி செம்பைப் பிடுங்கி மாப்பிள்ளை முகத்திலேயே அடித்தாள், அவன் நண்பர்கள் விசிலடித்தார்கள், வீடியோக்காரன் சூப்பர் மேடம் இன்னொரு தரம் என்றான். மூன்று மாதப் பயிற்சி இல்லை, ஆடி மார்கழி இல்லை, சம்பளம் இல்லை. நிஜமான சித்தி மகள்கள் நிஜமாகவே சிரித்தார்கள். இந்த வாசலில் காலகாலமாக நின்றவர்கள் அவர்கள்தானே என்பது நான்கு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, கோமதிக்குக்கூடத் தோன்றவில்லை, வாசல் நம்முடையது என்று நினைத்துவிட்டார்கள். தேவா அண்ணன் நான்கு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டார். கோபமே இல்லாத குரல். "சேலைய மடிச்சு ரூம்ல வச்சுட்டுக் கெளம்புங்க. பாதில விட்டதுக்கு எதுவும் கேக்கக் கூடாது."

பாத்திரங்கள் அடுக்கிய அறையில் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டு மாற்றினார்கள். கோமதி மட்டும், நாளைக்கு வேற ஈவன்ட்காரங்ககிட்ட கேப்போம், நான் கேக்கிறேன், ஒண்ணும் கெட்டுப்போகல என்றாள், குரலில் இப்போதுதான் நடுக்கம் வந்திருந்தது. ஜெசிந்தாவுக்குத் தோளில் குத்தியிருந்த ஊக்கு துணிக்குள் புதைந்துபோய் வரவே மாட்டேன் என்றது. "நீ மாத்திட்டு வா, உன் பைய நான் எடுத்துட்டுப் போறேன், வெளி கேட் பக்கத்துல நிக்கிறோம்," என்று கோமதி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை. பெயிண்ட் டின். பர்ஸை எடுக்கும் மாமாவின் கை. ஊக்கு வரவில்லை. மாமா பர்ஸை எடுப்பார், அம்மா தலையை ஆட்டுவாள், அக்கா எதுவும் கேட்காதது போல் மீன் ஆய்ந்துகொண்டிருப்பாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "ஜெசிந்தா." தேவா அண்ணன். இவருக்குப் பெயர் தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. "அந்தப் பிள்ளைங்க கை வலிக்குது, கன்னம் வலிக்குதுன்னு போட்டுட்டுப் போயிருச்சுங்க. இனிமேத்தான் கூட்டமே வரும். பொண்ணோட அப்பா வாசல்ல ஒருத்தரும் இல்லன்னு குதிக்கிறாரு. நீ வந்து நில்லு. கோமதிக்குக் குடுக்குறத உனக்குத் தர்றேன், இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமேயும். அவ இனி வேணாம்." அவங்களுக்கும்? ஒரே ஒரு வார்த்தை. அவங்களுக்கும் தருவீங்களா அண்ணா என்றால் இப்போது அந்த ஆள் தருவார், வாசல் காலியாக இருக்கிறது, இந்த நிமிஷத்தில் அவர் கழுத்து இவள் கையில் இருக்கிறது, இது நன்றாகவே தெரிந்தது. ஒருவேளை தராமலும் போகலாம். "பூ கசங்கிருச்சு அண்ணா," என்றாள் ஜெசிந்தா. "வேற பூ தரச் சொல்றேன் வா," என்றார் அவர்.

வாங்க, வாங்க. கூட்டம் வேன் வேனாக வந்து இறங்கியது. தனியாக நின்றாள், புதுப் பூவோடு, ஒரு கையில் செம்பு, மறு கையில் சந்தனக் கிண்ணம், இரண்டும் இனி இவளுடையது. குற்றவுணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள், வரத்தான் செய்தது, ஆனால் அதற்கு முன்னாலேயே வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது வேறொன்று, சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். திங்கட்கிழமை பணம் கட்டிவிடலாம். அதற்கு மேலும் மிச்சம் இருக்கும். மாமாவிடம் போக வேண்டாம், இந்த வருஷம் போக வேண்டாம், அடுத்த வருஷமும் போக வேண்டாம். நாம் நின்றதால் அவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை, குறையவும் இல்லை, அவர்களை எப்படியும் அனுப்பியாகிவிட்டது, வினோதாவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள், ஷாலு நிச்சயமாகச் செய்திருப்பாள். கோமதி? கோமதிக்கு ரயில்வே அப்பா. வாங்க ஐயா. இந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வலிக்கவில்லை. பெரியவங்களுக்கு ரெண்டு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு, வாங்கம்மா, வாங்க, தலைகள் வந்துகொண்டே இருந்தன, நரைத் தலை, பூ வைத்த தலை, ஹெல்மெட் கழற்றிய தலை, பூ இல்லாத ஒரு தலை, கை தானாகக் கவிழ்ந்தது, இரண்டு உதறு, வாங்க. அந்தத் தலை உள்ளே போகவில்லை. சுடிதாரில், தோளில் இரண்டு பைகளோடு நின்றுகொண்டிருந்தாள் கோமதி, முன்மயிரிலிருந்து பன்னீர் புருவத்தில் சொட்டியது. காத்திருந்து காத்திருந்து தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். ஜெசிந்தாவின் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள், துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சேலையைப் பார்த்தாள், புதுப் பூவைப் பார்த்தாள், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள். அக்கா என்று கூப்பிட ஜெசிந்தா வாயெடுத்தாள், அதற்குள் பின்னாலேயே ஒரு குடும்பம் படியேறிவிட்டது. "நல்லாத் தெளிக்கிற ஜெசி," என்றாள் கோமதி, திட்டுகிற குரலில்கூட இல்லை. "உனக்கு ட்ரெயினிங் முடிஞ்சிருச்சு." திரும்பிப் படியிறங்கிப் போனாள். குடும்பத்தில் ஐந்து பேர் இருந்தார்கள், ஜெசிந்தா ஐந்து பேருக்கும் தெளித்தாள்.